புழுவா, புட்டி வாசனையா?

(மினசோட்டாவில் ஓர் ஏரிக்கரையில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய கோடைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் இப்போதே தூண்டிலும் கையுமாகக் கரையில் நிற்பதால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இந்த ஊர்த் தூண்டில் கடைக்குள் முதல்முறை நுழைகிறவருக்குத் திகைப்புத்தான் மிஞ்சும். ஒரு பக்கம் குளிர்ப்பெட்டி. அதில் தெர்மகோல் கிண்ணங்களில் கறுப்பு மண்ணோடு பெரிய மண்புழு, மரத்தூளுக்குள் புதைந்து கிடக்கும் மெழுகுப்புழு, சின்ன டப்பாக்களில் ஈப்புழு. பக்கத்துத் தொட்டியில் உயிரோடு பொடிமீன், அட்டை. எதிர்ச் சுவர் முழுக்கப் பைகள் தொங்கும்: பூண்டு மணம், நண்டு மணம், சோம்பு மணம், மினுமினுப்புத் தூள் கலந்த உருண்டைகள், சாற்றில் மிதக்கும் பொய்ப் புழுக்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு "அண்ணே, எதுக்கு நல்லா கடிக்கும்?" என்று எனக்குப் போன் போட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். கடையில் நின்று கேட்கிறவருக்கு ஒரு வார்த்தையில்தான் பதில் சொல்ல முடியும். உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்லலாம்.

முதலில் மீனைப் பார்ப்போம். பேன்ஃபிஷ் என்பது ஓர் இனத்தின் பெயர் அல்ல. வெட்டாமல் முழுசாகப் போட்டுப் பொரிக்கிற அளவுள்ள நன்னீர் மீன்களை எல்லாம் சேர்த்து அமெரிக்காவில் அப்படிச் சொல்கிறார்கள். நம் பக்கத்து ஏரிகளில் புளூகில், பம்ப்கின்சீட், கறுப்பு கிராப்பி, மஞ்சள் பெர்ச் ஆகிய நான்கும்தான் முக்கியம். தெற்கே போனால் ரெட்இயர் என்ற ஒன்றும் சேரும். புளூகில் இனத்தில் உலகச் சாதனையாக இருப்பது 1950இல் அலபாமாவின் கெட்டோனா ஏரியில் பிடிபட்ட மீன். எடை 4 பவுண்டு 12 அவுன்ஸ், இரண்டு கிலோவுக்குச் சற்றே அதிகம். நமக்குக் கிடைப்பது கால் கிலோ இருந்தாலே ஊருக்குப் படம் அனுப்பலாம்.

இந்த மீன்கள் கண்ணால் இரை தேடுகிறவை. இன்றைக்கு நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். கெளுத்தி அப்படியல்ல. இங்குள்ள கெளுத்திக்கு வாயில் மட்டுமல்ல, மீசையிலும் உடம்புத் தோலிலும்கூடச் சுவை மொட்டுகள் உண்டு. எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும். லூசியானாவில் ஜான் காப்ரியோ என்ற உடலியலாளர் பல ஆண்டுகள் அந்த மீனை ஆராய்ந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் மிக மிகச் சொற்பமான அமினோ அமிலத்தைக்கூட அது உணர்ந்துகொள்ளும் என்று காட்டினார். இருட்டிலும் சேற்றிலும் இரை தேடும் மீனுக்கு அது வேண்டும். கெளுத்திக்கு வாசனை போடு என்று ஒருவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

புளூகில்லின் கதையே வேறு. மிச்சிகனில் ஏர்ல் வெர்னர், டொனால்ட் ஹால் என்ற இரண்டு சூழலியலாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. தொட்டிக்குள் புளூகில்லை விட்டு, டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சியைப் பல அளவுகளில் கொட்டினார்கள். பூச்சி அரிதாக இருந்தபோது சின்னது பெரியது பார்க்காமல் எல்லாவற்றையும் தின்றது. நிறைய இருந்தபோது சின்னதை விட்டுவிட்டுப் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கித் தின்றது. பார்த்து, அளந்து, கணக்குப் போட்டுச் சாப்பிடுகிற மீன் என்பது அதில் தெரிந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து வேறொரு குழு, வெளிச்சம் குறையும்போதும் தண்ணீர் கலங்கும்போதும் புளூகில் இரையைக் கண்டுகொள்ளும் தூரம் சுருங்கிப்போவதை அளந்து சொன்னது. இரையைக் கண்டுபிடிக்கும் வேலையை மூக்கே முழுசாகப் பார்த்துக்கொண்டால், தண்ணீர் கலங்கியதும் தூரம் ஏன் சுருங்க வேண்டும்?

குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளை போட்டு, தண்ணீருக்குள் இறக்கும் கேமரா வைத்திருப்பவர்கள் இதை நேரிலேயே பார்த்திருப்பார்கள். புளூகில் எங்கிருந்தோ நிதானமாக வரும். இரைக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். பக்கத் துடுப்புகளை மட்டும் முன்னும் பின்னும் விசிறிக்கொண்டு, இருந்த இடத்தை விட்டு அசையாமல் இரையையே முறைக்கும். சில சமயம் இப்படியே அரை நிமிஷம் போகும். பிறகு ஒரு விரல் தூரத்துக்கு வரும். வாய் திறந்து மூடும். கடிப்பது அல்ல அது, உறிஞ்சுவது. வாய்க்குள் பாயும் தண்ணீரோடு இரையும் சேர்ந்து உள்ளே போய்விடும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். பிடிக்கவில்லையா, வந்த வேகத்திலேயே வெளியே ஊதிவிடும். மேலே நின்று தக்கையைப் பார்க்கிற நமக்கு ஒரு சின்னத் துடிப்பு தெரியும், அவ்வளவுதான். தூக்கிப் பார்த்தால் முள் வெறுமையாக இருக்கும். "கொத்திட்டுப் போயிடுச்சு" என்போம். அது கொத்திவிட்டு ஓடவில்லை. வாயில் வைத்துப் பார்த்து வேண்டாம் என்று துப்பியிருக்கிறது.

மீனைப் பக்கத்தில் கொண்டுவருவது கண். இரையை வாய்க்குள் வைத்துக்கொள்வதா துப்புவதா என்று முடிவு செய்வது நாக்கு. வாசனை இரையின் வேலை முழுக்க இந்த இரண்டாவது கட்டத்தில்தான். பாட்டிலில் எழுதியிருப்பதுபோல அது தூரத்திலிருந்து மீனைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட முடியாது என்பதற்கு எளிய கணக்கே இருக்கிறது. அமினோ அமிலம் போன்ற சின்ன மூலக்கூறு அசையாத தண்ணீரில் தானாகப் பரவினால், ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் போகும். ஆற்றில் நீரோட்டம் அதைத் தூக்கிக்கொண்டு போகும். ஏரியிலும் காற்றும் அலையும் கொஞ்சம் கலக்கும். ஆனால் நாணல் ஓரத்தில், தக்கை அசையாமல் நிற்கும் ஆடிமாத மதியத்தில், உங்கள் பூண்டு வாசனை முள்ளைச் சுற்றி ஒரு சின்ன உறையாகத்தான் நிற்கும். புளூகில் மூக்கை அந்த உறைக்குள் நுழைப்பதற்கு முன்பே கண்ணால் பாதி முடிவு எடுத்துவிட்டிருக்கும்.

அப்படியானால் வாசனை வீணா என்று கேட்காதீர்கள். அந்த இரண்டாவது கட்டம் சாதாரணமானது அல்ல. மீன் ஒரு நொடி கூடுதலாக இரையை வாயில் வைத்திருந்தால், நீங்கள் தூண்டிலைச் சுண்டி இழுக்க ஒரு நொடி கிடைக்கிறது. மாஸ்கோவில் அலெக்சாண்டர் கசும்யான் என்ற ஆய்வாளர் பல வருஷங்களாக இதைத்தான் அளந்தார். அகர் கூழில் சின்ன உருண்டை செய்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அமினோ அமிலத்தைக் கலந்து, மீன் எதை விழுங்குகிறது, எதைத் துப்புகிறது, எத்தனை நேரம் வாயில் வைத்திருக்கிறது என்று இனம் இனமாகக் குறித்துவைத்தார். அதில் வந்த முடிவு கடைக்காரர்களுக்கு அவ்வளவு பிடிக்காது. எல்லா மீனுக்கும் ருசிக்கிற பொருள் என்று ஒன்று இல்லை. ஓர் இனம் ஆசையாய் விழுங்குவதை இன்னோர் இனம் துப்புகிறது. ஆகவே, "எல்லா மீனும் விரும்பும்" என்று பையில் எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

இங்கிருந்து தெற்கே, அயோவா எல்லையைத் தாண்டியதுமே ஸ்பிரிட் லேக் என்ற சின்ன ஊர் வரும். 1937இல் பெர்க்லி நிறுவனம் அங்கேதான் பிறந்தது. நீங்கள் கடையில் பார்க்கிற பவர்பெய்ட், கல்ப், கிராப்பி நிபிள்ஸ் எல்லாம் அவர்களுடையவை. அங்கே மீன் தொட்டிகளோடு ஆய்வுக்கூடமே வைத்து, கீத் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி நெடுங்காலம் வேலை செய்தார். பாஸ் மீனைப் பற்றி அவர் 2002இல் எழுதிய புத்தகம் தூண்டில்காரர்களுக்கு நல்ல படிப்பு.

அந்தக் கூடத்தில் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் சுவாரசியமானது. சாதாரண ரப்பர் புழு என்று நாம் சொல்வது ரப்பரே அல்ல, பி.வி.சி.யை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் சூடாக்கி அச்சில் வார்த்தது. அதற்குள் தண்ணீர் போகாது. வாசனையை எவ்வளவு கலந்தாலும் அது உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். எண்ணெய் வாசனை என்றால் வெளியே வந்தாலும் தண்ணீரில் கரையாது. மனிதர் மூக்குக்கு மணக்கும், மீனுக்கு எட்டாது. பையைத் திறந்ததும் குப்பென்று அடிக்கிற பல சரக்குகள் வாங்குகிறவரைப் பிடிக்கச் செய்தவைதான். 1980களின் கடைசியில் வந்த பவர்பெய்ட், சுவையைப் பொருளுக்குள்ளேயே கலக்கும் வழியைத் தேடியது. 2000களின் நடுவில் வந்த கல்ப், பிளாஸ்டிக்கையே விட்டுவிட்டுத் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, மக்கிப்போகிற பொருளுக்கு மாறியது. சாதாரண பிளாஸ்டிக்கைவிட 400 மடங்கு வாசனை பரப்பும் என்பது அவர்கள் விளம்பரம். மடங்கு எத்தனை என்பது எனக்கு முக்கியமில்லை. வாசனை தண்ணீரில் கரைவது ஒன்று, கரையாதது ஒன்று என்ற வித்தியாசம் உண்மை.

அதற்கு ஒரு விலையும் உண்டு. கல்ப் புழுவை முள்ளில் மாட்டியபடி தூண்டிலைச் சாத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள் என்றால், திரும்பி வரும்போது வெயிலில் சுருங்கி அப்பளக் கட்டிபோல இறுகியிருக்கும். கையால் உருவ வராது. கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சாறு நிறைந்த டப்பாவை மூடாமல் காரில் வைத்தவர்கள் அந்தக் காரை விற்கிறவரை ஞாபகம் வைத்திருப்பார்கள்.

கை வாசனை பற்றியும் ஒரு வார்த்தை. 1956இல் கனடாவின் பசிபிக் கரையில் ஐட்லர் என்பவரும் கூட்டாளிகளும், ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீன்கள் பாலூட்டிகளின் தோல் கழுவிய தண்ணீர் வந்ததும் மிரண்டு நிற்பதைக் கவனித்து, அதற்குக் காரணம் எல்-செரின் என்ற அமினோ அமிலம் என்று கண்டார்கள். அன்றிலிருந்து மனித வாடையை மறைக்கும் தைலம் என்று ஒரு தனி வியாபாரமே நடக்கிறது. புளூகில்லுக்காக நான் அதில் காசு போட மாட்டேன். ஆனால் கொசு மருந்து பூசிய கையோடு இரையைத் தொடாதீர்கள். கசப்பது ஒருபுறம், டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக் புழுவையே இளக்கிவிடும். உள்ளங்கையில் படாமல் புறங்கையால் பூசிக்கொள்ளுங்கள்.

இனி உயிர் இரை. அது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால், மேலே சொன்ன இரண்டு கட்டத்தையும் ஒரே பொருள் முடித்துவிடுகிறது. நாம் சும்மா இருந்தாலும் அது நெளிகிறது. கண்ணுக்கு அது போதும். முள் குத்திய இடத்தில் கசிவது உண்மையான உடற்சாறு. ஆய்வுக்கூடம் எதைச் செய்ய முயல்கிறதோ அந்தக் கலவையே அதுதான். வாய்க்குள் போனதும் மெத்தென்று இருக்கிறது. செயற்கை இரையில் முதல் கட்டத்தை உங்கள் மணிக்கட்டு செய்தாக வேண்டும். கோலின் நுனியை லேசாக நடுங்கவைத்து, நிறுத்தி, மறுபடி நடுங்கவைத்து அந்தப் பிளாஸ்டிக்குக்கு நீங்கள் உயிர் கொடுக்க வேண்டும். ஆறு வயசுப் பிள்ளையால் அது முடியாது. அதனால்தான் பிள்ளைகளுக்குப் புழு.

புழுவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிண்ணத்தில் கிடைக்கிற பெரிய மண்புழு, நைட்கிராலர், ஒரு சாண் நீளம் இருக்கும். அதை அப்படியே மாட்டித் தொங்கவிட்டால் புளூகில் தொங்கும் முனையைக் கவ்வி இழுத்துப் பிய்த்துக்கொண்டு போகும். முள் பக்கமே வாய் வராது. அதன் வாய் சின்னது. நக அளவுக்குக் கிள்ளி, முள்ளை மூடுகிற மாதிரி கோத்துவிட்டால் போதும். மெழுகுப்புழுவுக்கு வேறு பக்குவம். அது தேன்கூட்டு மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு, உடம்பு முழுக்கக் கொழுப்பு. தோல் மெல்லியது, அழுத்திப் பிடித்தாலே உடைந்து வெள்ளையாய் வழியும். மொத்தையான முனையில் முள்ளை ஏற்றி, மெல்ல நகர்த்த வேண்டும். சாறு கசிந்தால் நல்லது. முழுக்க வழிந்துவிட்டால் வெறும் தோல்தான். ஈப்புழுவின் தோல் கெட்டி, ஒன்றிலேயே இரண்டு மூன்று மீன் பிடிக்கலாம்.

இரை ஊருக்கு ஊர் மாறும். தென் மாநிலங்களில் சுவர்க்கோழி என்று நாம் சொல்லும் கிரிக்கெட் பூச்சியைக் கம்பிக்கூண்டில் வைத்து விற்பார்கள். அங்கே கட்டால்பா என்று ஒரு மரம். அதன் இலையைத் தின்னும் புழுவுக்காகவே, தூண்டில் போடுகிறவர்கள் வீட்டு ஓரத்தில் அந்த மரத்தை நட்டு வளர்த்திருக்கிறார்கள். இங்கே வடக்கே காசில்லாமல் கிடைப்பது ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. குளிர்காலத்தில் வயல் ஓரம் காய்ந்து நிற்கும் கோல்டன்ராட் செடித் தண்டில், கோலிக்குண்டு அளவில் ஒரு வீக்கம் இருக்கும். கத்தியால் மெதுவாகப் பிளந்தால் நடுவில் ஒரு வெள்ளைப் புழு. ஒரு வகை ஈயின் புழு அது. உடம்பில் கிளிசராலும் சார்பிட்டாலும் சேர்த்துவைத்துக்கொண்டு, மைனஸ் இருபதிலும் சாகாமல் வசந்தத்துக்குக் காத்திருக்கும். வீக்கத்தில் ஏற்கெனவே துளை இருந்தால் பிளக்க வேண்டாம், சின்ன மரங்கொத்தி உங்களுக்கு முன்னால் வந்துபோயிருக்கிறது.

கிராப்பிக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. அதன் கண் மேல்நோக்கி இருக்கும். இரை அதற்கு மேலே தொங்க வேண்டும், கீழே இறங்கினால் கவனிக்காது. பொடிமீன் என்றால் உயிர். கூட்டமாகத் திரியும் மீன், ஒன்றை ஒன்று முந்தும் அவசரத்தில் ஜிக் என்னும் கனத்த தலை முள்ளில் மாட்டிய சின்னப் பிளாஸ்டிக்கையும் யோசிக்காமல் விழுங்கும். அங்கே வாசனையைவிட இறக்குகிற ஆழம்தான் முக்கியம். மஞ்சள் பெர்ச்சும் கூட்டம்தான், ஆனால் தரையை ஒட்டி. ரெட்இயர் நத்தையைத் தொண்டைப் பல்லால் நொறுக்கித் தின்னும் மீன். அரிசோனா–கலிபோர்னியா எல்லையில் ஹவாசு ஏரிக்குள் குவாகா சிப்பி புகுந்த பிறகு, அதைத் தின்று கொழுத்த ரெட்இயர்கள்தான் உலகச் சாதனையை மாற்றி எழுதின. 2021இல் பிடிபட்டது ஆறு பவுண்டைத் தாண்டியது.

பருவம் மாறினால் கணக்கும் மாறும். பனிக்கட்டிக்குக் கீழே ஏரியின் அடித் தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில் நிற்கும், ஏனென்றால் தண்ணீர் அந்த வெப்பத்தில்தான் மிகக் கனமாக இருக்கிறது. மீனின் உடம்பும் அதே சூடுதான். செரிமானம் மெதுவாகிவிடும், அவசரம் இருக்காது. நான் சொன்ன அந்த முறைப்பு அப்போதுதான் நீளும். டங்ஸ்டன் ஜிக்கில் ஒற்றை ஈப்புழு, அதுவும் லேசாக அசைந்தால் போதும். வாசனை உருண்டைக்கு உண்மையில் கொஞ்சம் மரியாதை கிடைக்கிற காலமும் இதுதான். மீன் மிக அருகில் வந்து நிற்பதால் அந்தச் சின்ன உறைக்குள் அதன் மூக்கு நுழைகிறது, வாயில் வைத்த பிறகு துப்பலாமா என்று நிதானமாக யோசிக்கிறது.

மே, ஜூன் மாதங்களில் நேர் எதிர். தண்ணீர் 20 டிகிரியை நெருங்கும்போது ஆண் புளூகில் வாலால் மணலை விசிறித் தட்டுப்போலக் குழி செய்யும். கரையோரத்தில் பத்து இருபது குழிகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கிறது தகப்பன்தான். அதன் மேலே எது விழுந்தாலும் பாயும். பசிக்காக அல்ல, விரட்ட. அப்போது புழுவும் வேண்டாம், பூண்டு வாசனையும் வேண்டாம், வெறும் முள்ளில் நூல் சுற்றிப் போட்டாலும் கவ்வும். இது திறமை அல்ல என்பது என் கட்சி. பெரிய ஆண்களை எல்லாம் எடுத்துவிட்டால், சின்ன ஆண்கள் வளருவதை நிறுத்திவிட்டு இளவயதிலேயே குழி தோண்டத் தொடங்கிவிடுகின்றன. சில வருஷத்தில் ஏரி முழுக்க உள்ளங்கை அளவு மீன்தான். மினசோட்டா இயற்கை வளத்துறை இதனால்தான் பல ஏரிகளில் ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடிய புளூகில் எண்ணிக்கையை 5 அல்லது 10 என்று குறைத்திருக்கிறது.

இதுவரை எது நன்றாகப் பிடிக்கும் என்று பேசினோம். மிச்சம் வருவதை எங்கே கொட்டுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் 'மண்புழு உழவனின் நண்பன்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். நம் ஊர் வயலுக்கு அது சரி. இந்த நிலம் பத்தாயிரம் வருஷத்துக்கும் முன்னால் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. பனி விலகிய பிறகு இங்கே வளர்ந்த காடு மண்புழுவே இல்லாமல் வளர்ந்தது. உதிர்ந்த இலை வருஷக்கணக்கில் மெத்தையாகச் சேர்ந்து, அதன் மேலேதான் சர்க்கரை மேப்பிள் கன்றும், ட்ரில்லியம் பூச்செடியும், பெரணியும் முளைத்தன. கிண்ணத்தில் விற்கிற நைட்கிராலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறியது. கனடாவின் ஒன்டாரியோ வயல்களில் இரவு நேரத்தில் ஆட்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து கையால் பொறுக்கிக் கோடிக்கணக்கில் இங்கே அனுப்புகிறார்கள். அது காட்டுக்குள் போனால் அந்த இலை மெத்தையைச் சில வருஷத்தில் தின்று தீர்த்துவிடும். கீழே வெறும் மண். கன்றுகள் முளைப்பதில்லை. புழு தானாக நகர்ந்தால் வருஷத்துக்கு ஐந்து பத்து மீட்டர்தான் போகும். ஆனால் சாலையே இல்லாத ஏரிகளின் கரையிலும் அது இருக்கிறது. கொண்டுபோனது தூண்டில்காரர்கள். 'பாவம், உயிரோட இருக்கு, மண்ணுலேயே விட்டுடுவோம்' என்று நினைக்கிற நல்ல மனசுதான் அந்தக் காரியத்தைச் செய்திருக்கிறது.

பொடிமீன் வாளியிலும் இதே கதை. ஒஹாயோ ஆற்றுப் படுகையில் இருக்க வேண்டிய ரஸ்டி நண்டுவகை ஒன்று, இரை வாளிகளின் வழியாக இந்த வட்டார ஏரிகளுக்கு வந்து, குஞ்சு மீன் ஒளிந்து வளரும் நீர்ச்செடிகளை அடியோடு வெட்டித் தள்ளுகிறது. 2005இல் பேரேரிகளில் வி.எச்.எஸ். என்ற வைரஸ் நோய் வெடித்து, மீன்கள் ரத்தம் கசிந்து செத்து மிதந்தன. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, மீனுக்கு எமன். 2007இல் மிச்சிகனின் பட் ஏரி என்ற உள்நாட்டு ஏரியில் அதே நோய் தெரிந்தபோது, செத்தவற்றில் புளூகில்லும் கிராப்பியும் இருந்தன. இந்த நோய் வந்த பிறகுதான் பொடிமீனை ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குக் கொண்டுபோவதற்கு இத்தனை விதிகள். கரையேறும்போது வாளியில் இருக்கும் ஏரித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகவும்தான்.

புளூகில்லே ஓர் ஊரில் இப்படிப்பட்ட வில்லன். 1960இல் சிகாகோ வந்த ஜப்பான் இளவரசர் அகிஹிட்டோவுக்கு நகர மேயர் புளூகில் மீன்களைப் பரிசாகக் கொடுத்தார். வளர்த்துச் சாப்பிடலாம் என்று ஜப்பான் கொண்டுபோனார்கள். அவற்றின் வாரிசுகள் பிவா ஏரியில் உள்ளூர் மீன்களின் முட்டையைத் தின்று பெருகின. 2007இல், பேரரசராக இருந்த அகிஹிட்டோ அதற்காக வருத்தம் தெரிவித்தார். அவரே மீன் ஆராய்ச்சியாளர் என்பது கூடுதல் சோகம்.

சரி, பிளாஸ்டிக் சுத்தமானதா? அதுவும் இல்லை. கிழிந்த பிளாஸ்டிக் புழுவைத் தண்ணீரிலேயே வீசிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். மீன் அதைத் தின்றால் வயிற்றில் ஊறிப் பருத்து அப்படியே தங்கிவிடுகிறது. மெய்ன் மாநிலத்தில் ப்ரூக் ட்ரௌட் மீன்களை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தபோது, வழக்கமான தீனி இருக்கும்போதே அவை பிளாஸ்டிக்கையும் விழுங்கின, இளைத்தும் போயின. 2013இல் அங்கே ரப்பர் இரையைத் தடைசெய்ய ஒரு மசோதாவே வந்தது. மக்கிப்போகும் வகைக்கு நான் கொஞ்சம் கூடுதல் காசு கொடுப்பதற்கு வாசனை காரணம் இல்லை, இதுதான் காரணம்.

புழுவுக்கு இன்னொரு குறை. மீன் அதை ஆசையாய் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் போய்விடும். திருப்பி விடுகிற எண்ணம் இருந்தால், தக்கை அமுங்கியதும் தாமதிக்காமல் தூக்குங்கள். ஆழமாகப் போயிருந்தால் முள்ளைப் பிடுங்காதீர்கள். வாய் ஓரத்தில் தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு மீனை விடுங்கள். பிடுங்குவதைவிட அது பிழைக்க வாய்ப்பு அதிகம். செயற்கை இரையில் முள் பெரும்பாலும் உதட்டிலேயே நிற்கும். நிறையப் பிடித்து நிறைய விடுகிற நாளில் எனக்கு அது ஒன்றே போதும், பிளாஸ்டிக் பக்கம் சாய்ந்துவிடுவேன். சமைக்கிற நாளில் புழு.

இன்றைக்கு மாலை என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு மண்புழு, நக அளவுத் துண்டு, நீளக் கால் உள்ள 8ஆம் நம்பர் முள், சின்னத் தக்கை, தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே முழங்கை அளவு நரம்பு. ஈயக்குண்டுக்குப் பதில் தகரக் குண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஈயத்தை விழுங்கினால் லூன் பறவை செத்துப்போகும். பெரியவர்களுக்குக் கல்ப், ஒரு ஓரமாகக் கிராப்பி நிபிள்ஸ். படகுத்துறைக்கு இடப்பக்கம் நீர்ச்செடி முடிகிற விளிம்பில் போடுங்கள், நடுஏரிக்கு வீச வேண்டியதில்லை. 16 வயசு ஆனவர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். இல்லாதவர்கள் தூண்டிலைப் பிடிக்காமல் பிள்ளைகளுக்கு இரை மாட்டிக் கொடுங்கள். மிஞ்சுகிற புழுவும் கிழிந்த பிளாஸ்டிக்கும் அந்த நீல மூடித் தொட்டியில். புல்லில் வேண்டாம், தண்ணீரிலும் வேண்டாம்.

கேள்வி இருப்பவர்கள் சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்காருங்கள்.